டெக்சாஸில் மருத்துவக் கட்டணமும் பருத்தித் திட்டமும் விதியாகும் வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கூடுகிறது. ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில் தொடங்கும் வழக்கமான கூட்டத்தொடரை 140 நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அந்த மாநில அரசியலமைப்பின் ஏற்பாடு. மூன்று கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் எல்லாக் காரியங்களையும் அந்த 140 நாள்களுக்குள் எழுதி முடிக்க எந்தச் சட்டமன்றத்தாலும் இயலாது. ஆகவே சட்டமன்றம் நோக்கத்தையும் எல்லையையும் சொல்லிவிட்டு, எஞ்சியதை விதிகளால் வகுத்துக்கொள்ளுமாறு துறைகளிடமும் ஆணையங்களிடமும் ஒப்படைத்துவிடுகிறது. ஏழை நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கு அரசு எவ்வளவு தர வேண்டும், அறுவடை முடிந்த நிலத்தில் பருத்திமாரை எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் சட்டநூலில் இருப்பதில்லை. இந்த விதிகளில்தான் இருக்கிறது.

மருத்துவக் கட்டணமும் வேளாண்மையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றலாம். ஆனால் விதி வகுத்தல் என்னும் நடைமுறையைப் புரிந்துகொள்ள இவ்விரண்டையும் விட நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைப்பது அரிது. ஒன்றில் அரசு பணம் கொடுக்கிறது. மற்றொன்றில் உழவரிடமிருந்து பணம் தண்டப்படுகிறது. இரண்டிலும், 'இதைச் செய்ய உமக்கு அதிகாரம் யார் தந்தது, எந்த முறைப்படி செய்தீர்' என்ற கேள்வி மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது.

விதி என்பது எது

டெக்சாஸின் நிர்வாக நடைமுறைச் சட்டம் முதலில் 1975-இல் இயற்றப்பட்டது. இன்று அது மாநில அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 2001-ஆம் அத்தியாயமாக இருக்கிறது. 2001 என்பது இங்கே அத்தியாய எண், ஆண்டு அன்று; முதல் முறை படிப்பவர்கள் பலர் இதில் தடுமாறுவதுண்டு. இந்தச் சட்டத்தின்படி, ஒரு மாநில முகமை, அதாவது ஒரு துறையோ ஆணையமோ வாரியமோ, எல்லாருக்கும் பொதுவாகப் பொருந்தும் வகையில் சட்டத்தையோ கொள்கையையோ நடைமுறைப்படுத்திச் சொல்லும் கூற்று, அவற்றுக்குப் பொருள் விளக்கும் கூற்று, புதிதாக வரையறுக்கும் கூற்று ஆகிய எல்லாமே விதி. முகமையின் அலுவல் நடைமுறைகளை விவரிக்கும் கூற்றும் விதியே. அலுவலகத்தின் உள் நிர்வாகத்தை மட்டும் பற்றியதாகவும் வெளியாரின் உரிமைகளைத் தொடாததாகவும் உள்ளவை இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன.

குறிப்பிட்ட ஒரு மருத்துவமனையின் ஒரு கட்டணப் பட்டியலை ஏற்பதோ மறுப்பதோ விதி ஆகாது. அது ஒரு தனி முடிவு. எல்லா மருத்துவமனைகளின் பட்டியல்களையும் இன்ன முறையில்தான் கணக்கிடுவோம் என்பது விதி. இந்த இரண்டுக்கும் நடுவே, 'இது எங்கள் உள் கணக்கு வேலை' என்று அதிகாரிகள் கருதும் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

முன்மொழிவிலிருந்து நடைமுறை வரை

விதி ஒன்றைக் கொண்டுவரவோ திருத்தவோ நீக்கவோ விரும்பும் முகமை, முதலில் தன் எண்ணத்தை 'டெக்சாஸ் ரெஜிஸ்டர்' என்னும் அரசிதழில் வெளியிட வேண்டும். மாநிலச் செயலாளர் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் வெளியிடும் இதழ் அது. ஆளுநரின் நியமனங்கள், தலைமை வழக்குரைஞரின் கருத்துகள், அவசர விதிகள், முன்மொழியப்பட்ட விதிகள், திரும்பப் பெறப்பட்டவை, ஏற்கப்பட்டவை என்று அதற்கு நிலையான பகுதிகள் உண்டு. ஏற்கப்பட்ட விதிகள் பிறகு 'டெக்சாஸ் நிர்வாக விதித்தொகுப்பு' என்னும் நிலையான நூலுக்குள் இடம்பெறுகின்றன. வேளாண்மை அதன் நான்காம் தலைப்பில் வருகிறது. மருத்துவக் கட்டணங்களைக் கணக்கிடும் முறைகள் முதல் தலைப்பின் 355-ஆம் அத்தியாயத்தில் வருகின்றன.

முன்மொழிவைப் படிப்பது முதலில் மலைப்பாக இருக்கும். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தொடக்கத்தில் விதியின் நோக்கத்தைச் சொல்லும் சுருக்கமான விளக்கம் இருக்கும். அடுத்து நிதிக் குறிப்பு: விதி நடைமுறைக்கு வந்த முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஏற்படும் செலவு, மிச்சம், வருவாய் மாற்றம் ஆகியவற்றை, மதிப்பிட்ட அதிகாரியின் பெயரும் பதவியும் குறித்து எழுத வேண்டும். பொதுமக்களுக்கு என்ன நன்மை, விதிக்குக் கட்டுப்படுவோருக்கு என்ன செலவு என்பதும் சொல்லப்பட வேண்டும். சிறு தொழில்களுக்கோ, 25,000-க்கும் குறைவான மக்கள் வாழும் ஊரகச் சமூகங்களுக்கோ பாதகமான விளைவு இருக்குமானால், அதைக் குறைக்க வேறு வழிகள் ஆராயப்பட்டனவா என்பதைத் தனியே எழுத வேண்டும். எந்தச் சட்டப்பிரிவு இந்த விதியை வகுக்க அதிகாரம் தருகிறது என்பது அதற்குப் பின் வரும். கடைசியில் விதியின் வாசகம்: புதிதாகச் சேர்க்கப்படும் சொற்கள் அடிக்கோடிடப்பட்டும், நீக்கப்படும் சொற்கள் சதுர அடைப்புக்குள் கோடிட்டு அடிக்கப்பட்டும் அச்சாகும்.

என்னைக் கேட்டால், புதிதாகப் படிப்பவர் முன்னுரையில் தொடங்கக் கூடாது. அடிக்கோடிட்ட சொற்களையும் அடிக்கப்பட்ட சொற்களையும் முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு நிதிக் குறிப்புக்குச் செல்ல வேண்டும். முன்னுரை முகமை தன்னைப் பற்றித் தானே சொல்வது. ஆனால் 'செய்யலாம்' என்பது 'செய்ய வேண்டும்' என்று மாறியிருப்பதும், கணக்கெடுக்கும் ஆண்டு ஒன்று சத்தமில்லாமல் இடம்பெயர்ந்திருப்பதும் அந்தக் கோடுகளில்தான் தெரியவரும்.

அறிவிப்பு கொடுத்து குறைந்தது 30 நாள்கள் கழியாமல் விதியை ஏற்க முடியாது. அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துரை அனுப்பலாம். குறைந்தது 25 பேர் கேட்டாலோ, 25 உறுப்பினர்களுக்குக் குறையாத ஒரு சங்கம் கேட்டாலோ, ஓர் உள்ளாட்சி அமைப்போ வேறோர் அரசு முகமையோ கேட்டாலோ, வெளியாரின் உரிமைகளையோ கடமைகளையோ தொடும் சாரமான விதி ஒன்றைப் பற்றிப் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். பிறகு முகமை விதியை ஏற்கும்போது வெறுமனே 'ஏற்றோம்' என்று எழுதிவிட முடியாது. வந்த கருத்துகளின் சுருக்கம், ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய குழுக்கள், சங்கங்களின் பெயர்கள், ஏற்காத கருத்துகளை ஏன் ஏற்கவில்லை என்ற விளக்கம் ஆகியவை அடங்கிய 'காரணத்தோடு கூடிய நியாயம்' அந்த ஆணையில் இருக்க வேண்டும். கருத்துரைக்கு உண்மையான வலு இங்கேதான் இருக்கிறது. முகமை உங்கள் கருத்தை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதில் சொல்லாமல் கடந்து போகவும் அதற்கு வழி இல்லை. நாளை நீதிமன்றத்தில் அந்தப் பதிலே சான்றாக நிற்கும்.

ஏற்கப்பட்ட விதி மாநிலச் செயலாளரிடம் தாக்கல் செய்யப்பட்ட 20 நாள்களுக்குப் பின் பொதுவாக நடைமுறைக்கு வருகிறது. முன்மொழிந்து ஆறு மாதத்துக்குள் ஏற்காவிட்டால் அது தானாகவே திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ நலனுக்கோ உடனடி ஆபத்து நேரும்போது, முன்னறிவிப்பைக் குறைத்தோ தவிர்த்தோ அவசர விதி பிறப்பிக்கலாம்; அதன் ஆயுள் 120 நாள்கள், ஒரு முறை மட்டும் 60 நாள்கள் வரை நீட்டிக்கலாம். 2012 ஜனவரியில், தென்கோடி டெக்சாஸின் ஹிடால்கோ மாவட்டத்தில் சான் ஹுவான் ஊரருகே ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் 'சிட்ரஸ் கிரீனிங்' நோய் அந்த மாநிலத்திலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்டபோது, வேளாண் துறை அவசரத் தடைக்காப்பை, அதாவது நோய் பரவாதபடி செடிகளின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையை, அறிவித்தது. மரத்துக்கு மரம் ஒரு சிறு பூச்சியால் பரவுவதும் வந்தபின் குணப்படுத்த வழியில்லாததுமான நோய்க்கு, 30 நாள் கருத்துக் கேட்புக் காலம் மிக நீண்டது. நோய் ஊன்றிவிட்ட நிலையில், நிரந்தரமான கட்டுப்பாடுகளை வழக்கமான நடைமுறையில்தான் வகுக்க வேண்டும்.

மருத்துவக் கட்டணம்: எண்ணும் அதன் சூத்திரமும்

அமெரிக்காவில் வருமானம் குறைந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான பொது மருத்துவக் காப்புத் திட்டம் மெடிக்கெய்ட். 1965-இல் கூட்டாட்சிச் சட்டத்தால் பிறந்த இந்தத் திட்டத்தில் டெக்சாஸ் 1967-இல் சேர்ந்தது. செலவை மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. டெக்சாஸைப் பொறுத்தவரை ஏறத்தாழ அறுபது விழுக்காடு மத்திய அரசுடையது. திட்டத்தை நடத்துவது டெக்சாஸ் சுகாதார மனிதசேவை ஆணையம். அதன் தலைவரான நிர்வாக ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார். மாநில மேலவை அந்த நியமனத்தை உறுதி செய்கிறது. விதி வகுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது.

தனியார் மருத்துவமனை தன் விருப்பத்துக்கு விலை சொல்வது போல மெடிக்கெய்டிடம் சொல்ல முடியாது. அரசு சொல்லும் விகிதத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். மருத்துவர்கள் நிறையப் பேர் விலகினால் நோயாளியின் கையில் அட்டை இருந்தும் பயனில்லை. இதனால்தான் கூட்டாட்சிச் சட்டம், சிக்கனத்தோடும் தரத்தோடும் பொருந்துவதாகவும், போதுமான எண்ணிக்கையில் மருத்துவர்களை ஈர்ப்பதாகவும் கட்டண விகிதங்கள் இருக்க வேண்டும் என்கிறது.

புதிதாக இத்துறைக்குள் நுழைபவர் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு இது: விகிதம் வேறு, விகிதத்தைக் கணக்கிடும் முறை வேறு. கணக்கிடும் முறை 355-ஆம் அத்தியாயத்தில் விதியாக இருக்கிறது. அதை மாற்ற, மேலே சொன்ன முழு நடைமுறையும் தேவை. அந்த முறையில் தரவுகளை இட்டுக் கிடைக்கும் எண், தனி விதியாக அன்றி, பொது விசாரணை ஒன்றின் வழியாக நிர்ணயிக்கப்படுகிறது. முன்மொழியப்படும் விகிதங்களைப் பற்றி ஆர்வமுள்ளோர் கருத்துச் சொல்ல ஆணையம் விசாரணை நடத்த வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதற்கான அறிவிப்பும் டெக்சாஸ் ரெஜிஸ்டரின் பின்பகுதியில் வெளியாகிறது. பணம் குறைந்துவிட்டது என்று சத்தம் எழுவது பெரும்பாலும் இந்த விகித விசாரணையில்தான். ஆனால் அந்த எண்ணைப் பெற்றெடுத்த சூத்திரம் பல மாதங்களுக்கு முன்பே, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கருத்துக் கேட்பில், ஏற்கப்பட்டு முடிந்திருக்கும். களத்துமேட்டில் நெல்லளக்கும்போது மரக்கால் எண்ணிக்கையை எல்லாரும் கவனிப்பார்கள். மரக்காலின் கொள்ளளவை யார் குறித்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

உள்நோயாளிச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நோயின் தன்மைக்கும் தீவிரத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு வகையில் சேர்க்கப்பட்டு, அந்த வகைக்கு ஓர் ஒப்பீட்டு எடை தரப்படுகிறது. மருத்துவமனைக்கென ஓர் அடிப்படைத் தொகை இருக்கும். இரண்டையும் பெருக்கினால் கட்டணம் கிடைக்கும். அடிப்படைத் தொகை 5,000 டாலர், எடை 1.4 என்று வைத்துக்கொண்டால் கட்டணம் 7,000 டாலர். நோயாளி மூன்று நாள் இருந்தாலும் ஆறு நாள் இருந்தாலும் பொதுவாக அதே தொகைதான். அந்த அடிப்படைத் தொகை எங்கிருந்து வருகிறது? கடந்த காலத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டை அடிப்படை ஆண்டாக எடுத்து, அதில் வந்த பட்டியல்களின் செலவுகளிலிருந்து வருகிறது. அப்படியானால், எந்தப் பட்டியல்கள் அந்தக் கணக்கில் சேரும், எவை சேராது என்பதே பணத்தைத் தீர்மானிக்கிறது. கற்பனைக்காக ஒரு மருத்துவமனைக்குப் பத்துப் பட்டியல்கள் என்று கொள்வோம்: ஒன்பது தலா 4,000 டாலர், ஒன்று 24,000 டாலர். சராசரி 6,000. நீண்ட சிகிச்சையால் தாமதமாக வந்த அந்தப் பத்தாவது பட்டியலை விட்டுவிட்டால் சராசரி 4,000 ஆகிவிடும். சூத்திரத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. தேதி ஒன்றுதான் குறுக்கே வந்தது.

ஏறத்தாழ இதே தன்மையுள்ள ஒரு பூசல்தான், பொது மருத்துவமனை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான 'எல் பாசோ மருத்துவமனை மாவட்டம்' தொடுத்த வழக்கு. அடிப்படை ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் முடிய, அடுத்த பிப்ரவரி 28-க்குள் பணம் வழங்கப்பட்ட பட்டியல்களை மட்டும் ஆணையம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தக் கெடு, வெளியிடப்பட்ட விதியில் எங்கும் இல்லை. விட்டுப்போன பட்டியல்களால் தங்கள் விகிதம் குறைந்துவிட்டது என்பது மருத்துவமனைகளின் முறையீடு. தரவைத் திரட்டும்போது எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தானே வேண்டும் என்பது ஆணையத்தின் நிலை. 2008-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், அந்தக் கெடு எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவாகப் பொருந்தி அவற்றின் உரிமைகளைத் தொடுவதால் அதுவே ஒரு விதி என்றும், விதி வகுக்கும் நடைமுறையைக் கடக்காததால் அது செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. பிப்ரவரி 28 நல்ல தேதியா கெட்ட தேதியா என்பது அங்கே கேள்வியே அன்று. ஊரறிய முன்மொழிந்து, எதிர்ப்பைக் கேட்டு, பதில் எழுதி அதே தேதியை ஆணையம் வைத்திருந்தால், நடைமுறைக் குறை என்னும் அந்த வாதத்துக்கு இடமே இருந்திராது.

மாநில நடைமுறை முடிந்தாலும் மெடிக்கெய்டுக்கு இன்னொரு படி இருக்கிறது. மத்திய அரசோடு மாநிலம் செய்துகொண்டுள்ள ஒப்பந்தம் போன்ற ஆவணம் 'மாநிலத் திட்டம்' எனப்படும். கட்டண முறையை மாற்றினால் அந்தத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும்; மாற்றம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே பொது அறிவிப்பு வெளியாகியிருக்க வேண்டும்; மத்திய முகமை 90 நாள்களுக்குள் ஏற்கவோ மறுக்கவோ கூடுதல் விவரம் கேட்கவோ வேண்டும். இதனால் ஒரே மாற்றத்துக்கு டெக்சாஸ் ரெஜிஸ்டரில் இரண்டு மூன்று அறிவிப்புகள் வெவ்வேறு வாரங்களில் வருவதைக் காணலாம். ஒன்று விதிக்கானது, ஒன்று விகித விசாரணைக்கானது, ஒன்று மாநிலத் திட்டத் திருத்தத்துக்கானது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தவறவிடுவது எளிது. டெக்சாஸ் மெடிக்கெய்ட் பயனாளிகளில் மிகப் பெரும்பாலோர் இன்று தனியார் காப்பு நிறுவனங்கள் வழியாகவே சேவை பெறுகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அந்த நிறுவனங்கள் மருத்துவர்களோடு தனியே பேசித் தொகையை முடிவு செய்தாலும், அரசின் கட்டண அட்டவணையே பேச்சின் தொடக்கப் புள்ளியாக அமைகிறது.

இவ்வளவும் சொன்னபின், கருத்துரையால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நம்பிவிடக் கூடாது. பணத்தின் மொத்த அளவைச் சட்டமன்றம் வரவுசெலவுத் திட்டத்திலேயே கட்டிவைத்துவிடுகிறது. 2015-இல் உடலியக்கப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி போன்ற சிகிச்சைகளுக்கான மெடிக்கெய்ட் கட்டணங்களைக் குறைத்து, இரண்டு ஆண்டுகளில், மத்தியப் பங்கும் சேர்த்து, ஏறத்தாழ 35 கோடி டாலரை மிச்சப்படுத்துமாறு அது ஆணையத்துக்குக் கட்டளையிட்டது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பெற்றோரும் சிகிச்சை நிறுவனங்களும் விசாரணைகளில் பேசினார்கள், வழக்குத் தொடுத்தார்கள், கீழ் நீதிமன்றத்தில் தடையும் பெற்றார்கள். மேல் நீதிமன்றங்களில் அது நிற்கவில்லை. 2016 டிசம்பரில் வெட்டு நடைமுறைக்கு வந்தது. 2017-இல் அதே சட்டமன்றம்தான் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்த் திசையிலும் இதே கதைதான்: வீட்டில் முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கான அடிப்படை ஊதியம் மணிக்கு 8.11 டாலராக ஆண்டுக்கணக்கில் இருந்தது. அது 2023-இல் 10.60 ஆகவும், 2025-இல் 13 டாலராகவும் உயர்ந்தது சட்டமன்றம் பணம் ஒதுக்கியதால்தான். ஆணையத்தின் வேலை, ஒதுக்கிய பணத்தை விகிதமாக மாற்றுவது. குறைந்த கட்டணம் கூட்டாட்சிச் சட்டத்துக்கு முரணானது என்று மருத்துவ நிறுவனங்கள் நேரே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும், ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அடைத்துவிட்டது. ஆகவே தொகை எவ்வளவு என்ற சண்டை சட்டமன்றத்தில். அதை எப்படிப் பங்கிடுவது என்ற சண்டை விதி வகுத்தலில். இடம் மாறிச் சண்டையிடுவோருக்கு மிஞ்சுவது களைப்புதான்.

வேளாண்மை: கூன்வண்டும் கட்டாயத் தொகையும்

டெக்சாஸ் வேளாண் துறை 1907-இல் நிறுவப்பட்டது. அதன் ஆணையரை ஆளுநர் நியமிப்பதில்லை. மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே இங்கே விதி வகுப்பவர் உழவர்களிடம் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வாக்குக் கேட்டு வர வேண்டியவர். தடைக்காப்பு, விதைச் சான்று, பூச்சிக்கொல்லி உரிமம், எடை அளவைக் கருவிகள், இளம் உழவர் நிதியுதவி எனத் துறையின் விதிகள் பலதரப்பட்டவை. கஞ்சா இனத்தைச் சேர்ந்த ஹெம்ப் பயிர் இவற்றில் அண்மையது: 2018-இன் கூட்டாட்சி வேளாண் சட்டம் கதவைத் திறக்க, 2019-இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதிக்க, 2020 ஜனவரியில் மத்திய வேளாண் துறை மாநிலத் திட்டத்தை ஏற்க, போதையூட்டும் வேதிப்பொருளின் அளவு 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு விதிகள் வந்தன. அதுவரை குற்றமாக இருந்த ஒரு சாகுபடி உரிமம் பெற்ற தொழிலானது.

ஆயினும் இத்துறையில் அதிகம் கற்றுத்தருவது பருத்திக் காய்க் கூன்வண்டின் வரலாறு. மெக்சிகோவிலிருந்து 1890-களின் தொடக்கத்தில் பிரவுன்ஸ்வில் பக்கமாக டெக்சாஸுக்குள் நுழைந்த இந்த வண்டு, பின்பு அமெரிக்கப் பருத்தி மண்டலம் முழுவதையும் உலுக்கியது. ஒருவர் நிலத்தில் மருந்தடித்து, பக்கத்து நிலத்தில் விட்டுவிட்டால் பயனில்லை. வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் செய்தாக வேண்டும். அதற்காகச் சட்டமன்றம் 1993-இல் ஓர் ஒழிப்பு அறக்கட்டளைக்கு வழி செய்தது. பருத்தி விளைவிப்போர் மண்டலம் மண்டலமாக வாக்களித்துத் திட்டத்துக்குள் வருவார்கள். வந்தபின் அந்த மண்டலத்தில் உள்ள எல்லாரும், எதிர்த்து வாக்களித்தவர்கள் உட்பட, கட்டாயத் தொகை செலுத்த வேண்டும். செலுத்தாதவர்மீது தண்டனையும் உண்டு.

திட்டம் சிக்கலின்றி நகரவில்லை. 1995-இல் கீழ் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பருத்தி விளைச்சல் பெரிதும் சரிந்தது. வண்டுக்காகத் தெளித்த மாலத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி, நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றதால் படைப்புழு பெருகிவிட்டது என்று உழவர்கள் குற்றம் சாட்டி, மறு ஆண்டு வாக்களித்துத் திட்டத்தை விட்டு வெளியேறினார்கள். இதற்கிடையே, கட்டாயத் தொகையை எதிர்த்து உழவர்கள் தொடுத்த வழக்கில், 1997-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடே அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அறக்கட்டளை அரசு அன்று, தனியார் அமைப்பு. சட்டமன்றம் தன் அதிகாரத்தைத் தனியாரிடம் அளவுமீறிக் கொடுத்துவிட்டது என்பதே காரணம். அந்த அமைப்பின் செயல்களை அரசு முகமை மறுபரிசீலனை செய்ய வழி உண்டா, பாதிக்கப்படுவோருக்கு அதில் போதிய இடம் உண்டா, விதியை வகுப்பவரே அதைத் தனி ஆள்மீது செயல்படுத்தவும் செய்கிறாரா, சொந்த ஆதாயம் குறுக்கிடுகிறதா, வழிகாட்டும் அளவுகோலைச் சட்டம் தந்திருக்கிறதா என்பன உள்ளிட்ட எட்டுக் கேள்விகளை அந்தத் தீர்ப்பு வகுத்தது. தனியார் கையில் பொது அதிகாரம் தரப்படும் டெக்சாஸ் வழக்குகளில் அந்தக் கேள்விகள் இன்றும் எழுப்பப்படுகின்றன.

அதே ஆண்டு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி, அறக்கட்டளையை வேளாண் ஆணையரின் மேற்பார்வையில் வைத்தது. உழவர் வாக்கெடுப்பும் கட்டாயத் தொகையும் தொடர்ந்தன. ஆனால் அவற்றின் பின்னால் இப்போது துறையின் விதிகளும், அவற்றுக்குரிய அறிவிப்பும் கருத்துக் கேட்பும் நின்றன. திட்டம் பலன் தந்தது. இன்று டெக்சாஸில் வண்டு எஞ்சியிருப்பது கீழ் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில்தான். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் தமௌலிபாஸ் பகுதியிலிருந்து அது வந்துகொண்டே இருக்கிறது.

அறுவடைக்குப் பின் பருத்திமாரை அழிக்க மண்டலவாரியாக நாள் குறித்திருப்பதும் இந்த வண்டினால்தான். நிலத்தில் விட்ட செடி துளிர்த்துக் காய் பிடித்தால், வண்டுக்கு அடுத்த பருவம் வரை உணவும் உறைவிடமும் கிடைத்துவிடும். ஆனால் கெடு நெருங்கும் வாரத்தில் கனமழை பெய்தால் நிலத்தில் டிராக்டர் இறங்காது. இதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் விதியைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால், வானிலையைக் காரணம் காட்டிக் கெடுவை நீட்டிக்கும் அதிகாரத்தை விதியே துறைக்குத் தந்திருக்கிறது. கட்டணச் சூத்திரத்தில் எழுதப்படாத ஒரு தேதி வழக்கில் விழுந்தது. இங்கே எழுதப்பட்ட தேதி, அதை எப்படித் தளர்த்தலாம் என்பதையும் சேர்த்து எழுதியிருப்பதால் நின்றுபிடிக்கிறது.

முன்மொழிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு விதியையும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, அது இன்னும் தேவைதானா என்று முகமை மறுஆய்வு செய்ய வேண்டும். அதற்கான அறிவிப்பும் டெக்சாஸ் ரெஜிஸ்டரில் வரும். அது தவிர, மாநிலத்தில் வசிக்கும் ஒருவரோ, அங்கே இயங்கும் தொழிலோ அமைப்போ, இன்ன விதியை வகுங்கள் என்று முகமைக்கு மனுக் கொடுக்கலாம். மனு வந்த 60 நாள்களுக்குள் முகமை காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது விதி வகுக்கும் பணியைத் தொடங்க வேண்டும். ஏற்கப்பட்ட விதி ஒன்று செல்லுமா என்று ஐயம் இருந்தால், மாநிலத் தலைநகர் ஆஸ்டின் அமைந்துள்ள டிராவிஸ் மாவட்டத்தின் நீதிமன்றத்தில் அதைக் கேள்விக்குள்ளாக்கலாம். விதி தம்மீது செயல்படுத்தப்பட்டு இழப்பு நேரும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.